மான் சும்மா உக்காந்திருந்தா நிம்மதியா இருக்குன்னு நினைக்காதீங்க (வாசகர் கேள்வி, கால்நடை டாக்டர் பதில்)

இந்த தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல காட்டு விலங்கு பத்திதான். வெயில் ஏறிடுச்சுல்ல, காட்டுக்குள்ள குட்டை குழியெல்லாம் காஞ்சு போச்சு, மான் குரங்கு மயில் எல்லாம் ஊருக்குள்ள வருது, நாமளும் சும்மா இருக்க மாட்டேங்குறோம். மாட்டுக்கு மடி நோய், ஆட்டுக்கு கழிச்சல்னு கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அது அடுத்த இதழ்ல.

கேள்வி: ஐயா, எங்க ஊர் பெண்ணாகரம் பக்கம். போன பங்குனியில எங்க கொல்லை கிணத்துல ஒரு புள்ளிமான் விழுந்துடுச்சு, நாய் தொரத்தி வந்திருக்கும் போல. காலையில 8 மணிக்கு பார்த்தோம், ஊரே கூடி கயிறு போட்டு 12 மணி வாக்குல மேல தூக்கிட்டோம். ஒரு சின்ன சிராய்ப்பு கூட இல்ல. புளியமரத்தடியில படுக்க வச்சு தண்ணி குடுத்தோம், பசங்கெல்லாம் தடவி குடுத்தாங்க, சாதுவா உக்காந்திருந்துச்சு. பாரஸ்ட்காரங்க வந்து எடுத்துட்டு போனாங்க. மூணாம் நாள் செத்துப் போச்சுன்னு சொல்றாங்க. அவங்க சரியா பார்க்கலையோன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. காயமே இல்லாத மான் எப்படிங்க சாகும்?

தம்பி, பாரஸ்ட்காரங்க மேல பழியை போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இதை படிச்சுடுங்க. அந்த மான் மூணாம் நாள்தான் செத்துச்சு, ஆனா அதுக்கான வேலை உங்க கிணத்துலயும் புளியமரத்தடியிலயுமே முடிஞ்சு போச்சு.

இதுக்கு எங்க பாடத்துல கேப்சர் மயோபதின்னு பேரு. பிடிபட்ட அதிர்ச்சியிலயும் ஓட்டத்துலயும் தசை செத்துப் போற நோய்னு வச்சுக்கங்க. நாய் தொரத்துது, மான் உயிரைக் கையில பிடிச்சுட்டு ஓடுது. அந்த ஓட்டத்துக்கு தசைக்கு வேண்டிய ஆக்சிஜனை ரத்தத்தால கொண்டு போய் சேர்க்க முடியாது, அதனால தசை ஆக்சிஜன் இல்லாமலே சக்தியை உண்டாக்கிக்குது, அப்ப லாக்டிக் ஆசிட் சேருது. காட்டுல சிறுத்தை தொரத்துனா ரெண்டு மூணு நிமிஷத்துல கதை முடிஞ்சுடும், ஒண்ணு மான் தப்பிச்சுடும், இல்ல மாட்டிக்கும். தப்பிச்ச மான் நிழல்ல நின்னு மூச்சு வாங்குனா ஆசிட் தானா குறைஞ்சுடும், அந்த உடம்பு அதுக்குன்னே ஆனது. ஆனா உங்க மான் நாய்க்கு ஓடி, கிணத்துல விழுந்து, அங்க மணிக்கணக்கா காலை அடிச்சு நீந்தி, மேல நூறு பேர் சத்தத்தை கேட்டு, கயித்துல தொங்கி, அப்புறம் கூட்டத்துக்கு நடுவுல படுத்திருந்துச்சு. நாலு மணி நேரமா ஒரு நிமிஷம் கூட அதுக்கு 'தப்பிச்சுட்டோம்'ங்கிற நிலை வரவே இல்ல.

அப்படி ஆசிட் ஏறிக்கிட்டே போனா தசையோட செல்லுங்க உடைய ஆரம்பிக்கும். உடைஞ்சா உள்ள இருக்கிற ரெண்டு சமாச்சாரம் ரத்தத்துல கலக்கும். ஒண்ணு பொட்டாசியம், அது அளவுக்கு மேல ஏறுனா இதயம் தாளம் தப்பி நின்னுடும், சில மான் தூக்கும்போதே கையிலயே செத்துப் போறது இதனாலதான். இன்னொண்ணு மயோகுளோபின், தசைக்கு சிவப்பு நிறம் குடுக்கிற புரதம். அது கிட்னியில போய் அடைச்சுக்கும், மூத்திரம் காபி டிகாஷன் கலர்ல வரும். கிட்னி செயலிழந்து சாக ரெண்டு நாளும் ஆகலாம், ரெண்டு வாரமும் ஆகலாம். இதுல கொடுமை என்னன்னா அந்த மான் ஏற்கனவே தண்ணி தேடித்தான் உங்க கொல்லைக்கு வந்திருக்கு, உடம்புல நீர் இல்ல, கிட்னியை கழுவி விட தண்ணியும் இல்ல. பனிக்காலத்துல பிழைக்கக்கூடிய மான் பங்குனி வெயில்ல பிழைக்காததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப நீங்க எழுதின அந்த 'சாதுவா உக்காந்திருந்துச்சு'ங்கிற வரிக்கு வர்றேன். 30 வருஷ சர்வீஸ்ல நான் அதிகமா கேட்ட வரி அதுதான். மான் சாதுவா உக்காந்திருக்கலை. புலி வாயில மாட்டுன மான் எப்படி அசையாம கிடக்குமோ அப்படி கிடந்துச்சு. நம்ம வீட்டு நாய் தடவிக் குடுத்தா கண்ணை மூடி சொகமா படுத்துக்கும், அதைப் பார்த்து பழகுன கண்ணு நமக்கு. மானுக்கு மனுஷன் கைன்னா அது பல்லு முளைச்ச வாய்தான். நீங்க தடவும்போது ஸ்டெதாஸ்கோப் வச்சிருந்தா இதயம் என்ன பாடு படுதுன்னு காதுல கேட்டிருக்கும். பசங்க பாசத்துலதான் தடவுனாங்க, எனக்கு தெரியும், ஆனா மானுக்கு அது தெரியாது.

தண்ணி குடுத்தோம்னு எழுதியிருக்கீங்க. தானா குனிஞ்சு குடிச்சிருந்தா சரி. வாயைப் பொளந்து பாட்டில்ல ஊத்தியிருந்தா அது நுரையீரலுக்குத்தான் போயிருக்கும். இதை உங்களுக்கு மட்டும் சொல்லலை, நானே செஞ்சிருக்கேன். வேலைக்கு சேர்ந்த புதுசுல அரூர் பக்கம் ஒரு மான்குட்டிக்கு குளுக்கோஸ் தண்ணியை ஊத்திட்டு பெரிய காரியம் பண்ணிட்ட மாதிரி நின்னேன், சாயங்காலமே மூக்குல நுரை தள்ளி செத்துச்சு. ஜீப்ல வேற நாலு காலையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, மேல தார்ப்பாய் போட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு கொண்டு போனோம். இப்ப நினைச்சாலும் ஒரு மாதிரி இருக்கு.

சரி, அடுத்த தடவை என்ன செய்யலாம்? கிணறுகள் நிறைய இருக்கிற மாவட்டம் நம்மளோடது, அடுத்த தடவை நிச்சயம் வரும். விழுந்ததைப் பார்த்ததும் தீயணைப்புக்கு 101, கூடவே பாரஸ்ட் ஆபீஸுக்கு சொல்லிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி, மிதக்குற பொருள் எதையாவது உள்ள இறக்குறதுதான். வாழை மரம், காத்தடிச்ச லாரி டியூப்பு, பலகை எதுவா இருந்தாலும் கயித்துல கட்டி மெதுவா இறக்கி விடுங்க, முன்னங்காலை அதுமேல போட்டு நீந்தறதை நிறுத்துனா அதுவே பாதி உயிர். அப்புறம் எல்லாரையும் கிணத்து மேட்டை விட்டு போகச் சொல்லுங்க, நாயைக் கட்டுங்க, தூக்குறதுக்கு நாலஞ்சு பேர் மட்டும் நில்லுங்க. எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தலைக்கும் அது இன்னொரு சுத்து நீந்தும். தூக்க கயித்துக் கட்டிலோ வலையோ நல்லது, கழுத்துல சுருக்கு போடாதீங்க. மேல வந்ததும் முதல் வேலையா ஒரு துண்டை நனைச்சு கண்ணை மூடி கட்டுங்க, கண்ணு மறைஞ்சா பாதி பயம் போகும், பேச்சு சத்தத்தையும் குறைச்சீங்கன்னா இன்னும் நல்லது. நெஞ்சு தரையில படுற மாதிரி, தலை கொஞ்சம் தூக்கலா, மூக்கு கீழ பார்த்த மாதிரி வைங்க, பக்கவாட்டுல சாய்ச்சு போட்டா வயித்துல வாயு ஏறி உப்பிக்கும், அசை போடற பிராணிக்கெல்லாம் இதே கதைதான். எழுந்து நிக்குது, ஓடப் பார்க்குது, காடு பக்கத்துலயே இருக்குன்னா வந்த பாரஸ்ட்காரரைக் கேட்டுட்டு அப்பவே விட்டுடறதுதான் உத்தமம். கையில வச்சிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கணக்குல ஏறும்.

நோய் முத்தி தள்ளாட ஆரம்பிச்சுடுச்சுன்னா நாங்க குளுக்கோஸ் சலைன், சோடா பைகார்பனேட், வைட்டமின் ஈ எல்லாம் ஏத்துவோம்தான். ஆனா பிழைக்கிறது அபூர்வம்.

கேள்வி: அதே விஷயத்துல எனக்கு ஒரு சந்தேகம் டாக்டர். காட்டுல 40 டிகிரி வெயில்லயே பொறந்து வளர்ந்த விலங்கு அது. அதுக்கு வெயில் என்ன புதுசா? நம்மளை மாதிரி ஏசி கேக்குமா? (பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

கிண்டலா கேட்டாலும் நல்ல கேள்வி சார். காட்டுல மான் வெயில்ல என்ன பண்ணுதுன்னு பாருங்க, பண்ணாது, அதான் விஷயம். 11 மணியில இருந்து 4 மணி வரைக்கும் நிழல்ல படுத்து அசை போட்டுட்டு கிடக்கும், மேய்ச்சல் எல்லாம் விடியக்காலையும் சாயங்காலமும்தான். வெயிலைத் தாங்குற உடம்பு வேற, வெயில் நேரத்துல ஓடற உடம்பு வேற.

தசை வேலை செய்யும்போது அது எரிக்கிற சக்தியில கால்வாசிதான் ஓட்டமா மாறுது, மீதி முக்கால்வாசி சூடாத்தான் வெளிய வரும். ஒரு டிராக்டர் எஞ்சின் மாதிரின்னு வைங்க, ரேடியேட்டர் தண்ணியில்லாம மேட்டு நிலத்துல ஓட்டுனா என்ன ஆகும்? மானுக்கு ரேடியேட்டர்னா மூச்சு இரைக்கிறதுதான், வாயும் மூக்கும் ஈரம் காஞ்சு சூட்டை வெளிய தள்ளும். நாம என்ன பண்றோம், வாயைக் கட்டிடறோம், தார்ப்பாய் போட்டு மூடறோம், மினி லாரி தகரத்து மேல படுக்க வைக்கிறோம். சாதாரணமா 39 டிகிரி பக்கத்துல இருக்கிற உடம்பு சூடு 41-ஐ தாண்டுனா நாங்க கையில இருக்கிற மத்த வேலையை எல்லாம் விட்டுட்டு தண்ணி ஊத்த ஆரம்பிச்சுடுவோம், 42-க்கு மேல போய் கொஞ்ச நேரம் நின்னா மூளை, ஈரல், கிட்னி எல்லாம் ஒவ்வொண்ணா கையை விரிச்சுடும்.

நம்ம ஊர் எருது விடும் விழாவுல ஓடற காளையை பார்த்துட்டு 'அது ஓடுது, மான் ஓடக்கூடாதா'ன்னு ஒருத்தர் என்கிட்ட சண்டைக்கே வந்தார். காளை கன்னுக்குட்டியா இருந்தப்பலேருந்து மனுஷன் கையில தின்னு வளர்ந்தது, ஓடி முடிச்சதும் சொந்தக்காரர் பிடிச்சு தண்ணி காட்டி தேய்ச்சு விடுவார், அது அடங்கிடும். மானுக்கு ஓட்டம் முடிஞ்சாலும் பயம் முடியறதில்ல. வெயில், ஓட்டம், பயம் மூணும் தனித்தனியா வந்தா தாங்கும், ஒண்ணா சேர்ந்து வந்தா தாங்காது.

வெயிலுக்கு பழகுன உடம்புன்னு நம்பி பெரிய பெரிய ஆளுங்களுக்கே கணக்கு தப்பியிருக்கு. 2022 செப்டம்பர்ல நமீபியாவுல இருந்து 8 சீட்டா, 2023 பிப்ரவரியில தென்னாப்பிரிக்காவுல இருந்து 12 சீட்டான்னு மத்திய பிரதேசம் குனோவுக்கு கொண்டு வந்தாங்கல்ல, அதுங்க பூமியோட தென்பாதியில இருந்து வந்தது, நமக்கு மழையும் புழுக்கமுமா இருக்கிற ஆடி மாசம் அங்க குளிர்காலம். உடம்பு பழைய காலண்டரையே பார்த்துட்டு அந்த நேரத்துல அடர்த்தியா முடி வளர்த்துக்கிச்சு. 2023 ஜூலையில செத்த சில சீட்டாங்களுக்கு கழுத்துப் பட்டைக்கு அடியில ஈரம் தங்கி புண்ணாகி புழு வச்சிருந்துச்சுன்னு செய்தி வந்துச்சு, அந்த முடியும் ஒரு காரணம்னு சொன்னாங்க. அதே வருஷம் மே மாசத்து அனல்ல, அங்க பொறந்த 4 குட்டியில 3 செத்துச்சு.

கேள்வி: சினிமால காட்டுற மாதிரி துப்பாக்கியில மயக்க ஊசி போட்டு சட்டுனு பிடிச்சா இந்த தொரத்தல் எல்லாம் தேவையே இல்லையே? எதுக்கு மணிக்கணக்கா இழுக்கறாங்க? (தேன்கனிக்கோட்டை)

சினிமால ஊசி குத்துன மறுநொடி விழுந்துடும். நிஜத்துல மருந்து தசையில இறங்கி வேலை செய்ய அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், சில சமயம் அதுக்கும் மேல ஆகும், அந்த நேரம் பூரா அது ஓடிட்டு இருக்கும். பாறை விளிம்புல, கிணத்து மேட்டுல, கல் குவாரி ஓரத்துல ஊசி போட்டா அது போய் விழறது எங்கன்னு யாருக்கு தெரியும்? உங்க பக்கம் குவாரிங்க எவ்வளவுன்னு நான் சொல்லணுமா. இன்னொண்ணு, ஏற்கனவே பயந்து வெறி ஏறியிருக்கிற விலங்குக்கு மருந்து சரியா பிடிக்காது, ரத்தத்துல இருக்கிற அட்ரினலின் மயக்கத்தோட சண்டை போடும், ரெண்டாவது ஊசி போட வேண்டியிருக்கும், அப்ப அளவு கூடிப்போற ஆபத்து.

நம்ம ஊர்ல வழக்கமா போடறது சைலசின், கெட்டமின் ரெண்டையும் கலந்து. சைலசின் உடம்போட தெர்மோஸ்டாட்டையே குழப்பி விட்டுடும், வெயில்ல போட்டா உடம்பு சூடு ஏறுனாலும் குறைக்கத் தெரியாம அப்படியே கிடக்கும். அதனால மயங்கி விழுந்ததும் முடிஞ்சுதுன்னு இல்ல, அப்பதான் எங்களுக்கு வேலையே. ஒருத்தர் தெர்மாமீட்டரோட, ஒருத்தர் மூச்சு எண்ணிக்கிட்டு, ஒருத்தர் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கணும். காரியம் முடிஞ்சதும் யோஹிம்பின் மாதிரி மாத்து மருந்து போட்டு எழுப்பி விட்டுடணும். இதெல்லாம் விடியக்காலை நாலஞ்சு மணிக்கு செய்ய வேண்டிய வேலை. 'சிறுத்தை இருக்கு, டாக்டர் ஏன் சும்மா நிக்கறார்'னு வீடியோ எடுத்து போடறீங்களே, அவர் சும்மா நிக்கலைங்க, வெயில் இறங்கறதுக்கு காத்துட்டு நிக்கறார், கூட்டம் கலையறதுக்கும்தான்.

மான் கூட்டத்தை ஊசியே போடாம பிடிக்கிற முறை ஒண்ணு இருக்கு, போமான்னு சொல்வாங்க, தென்னாப்பிரிக்காவுல வளர்ந்த முறை, மத்திய பிரதேசத்துல புள்ளிமான் இடம் மாத்த இப்ப அதைத்தான் பயன்படுத்தறாங்க. புனல் மாதிரி ரெண்டு பக்கமும் உயரமா துணித் திரை கட்டி, நாள் கணக்குல உள்ள தீனி போட்டு பழக்கி, மெல்ல மெல்ல லாரிக்குள்ளயே நடக்க வச்சுடுவாங்க. துணிதான், முட்டுனா கிழிஞ்சுடும், ஆனா கண்ணுக்கு சுவர் மாதிரி தெரியறதால மான் முட்டறதில்ல. மனுஷன் கையே படறதில்ல பாருங்க.

கேள்வி: 2023-ல பாலக்கோடு பக்கம் பிடிச்ச மக்னா யானையை (தந்தம் இல்லாத ஆண் யானை) பத்தி உங்க கருத்து என்ன? எங்க ராகி, கரும்பு எல்லாம் போனது எங்களுக்குத்தான் தெரியும். யானைக்காக மட்டும் பேசாதீங்க. (பாலக்கோடு)

யானைக்காக மட்டும் பேச மாட்டேன், எங்க அண்ணனுக்கும் மாரண்டஅள்ளி பக்கம் ரெண்டு ஏக்கர் இருக்கு. ராத்திரி பூரா பட்டாசும் டார்ச்சுமா பரண்ல உக்காந்திருக்கிறவங்க கஷ்டம் சென்னையில உக்காந்து கருத்து சொல்றவங்களுக்கு புரியாது.

நடந்தது இதுதான். அந்த பிப்ரவரி ஆரம்பத்துல கும்கி சின்னத்தம்பியை கொண்டு வந்து மக்னாவைப் பிடிச்சு, லாரியில ஏத்தி ஆனைமலை புலிகள் காப்பகத்துல வரகளியாறு பக்கம் விட்டாங்க. அது அங்க தங்கலை. கீழ இறங்கி பொள்ளாச்சி வழியா நடந்து கோயம்புத்தூர் ஊருக்குள்ளயே வந்துடுச்சு, அதே மாசம் கடைசி வாரத்துல மறுபடி பிடிச்சு மானாம்பள்ளி பக்கம் விட்டாங்க. ஜூலை கடைசியில மூணாவது தடவை பிடிச்சு சின்னக்கல்லாறு. ஆறே மாசத்துல மூணு தடவை மயக்க ஊசி, மூணு தடவை கும்கி நெட்டித் தள்ளல், மூணு தடவை லாரி. இதுல ஒரு வேடிக்கை, பிடிக்க வந்த சின்னத்தம்பியும் ஒரு காலத்துல இதே கதைதான், 2019-ல தடாகத்துல பிடிச்சு டாப்சிலிப் கொண்டு போய் விட்டா திரும்ப உடுமலைப் பக்கம் நடந்து வந்துடுச்சு, அப்புறம்தான் கராலுக்குள்ள, அதாவது மரக்கட்டையில கட்டுன கூண்டுக்குள்ள போட்டு கும்கி ஆக்குனாங்க.

இலங்கையில பயிர் மேயற ஆண் யானை 12-ஐ இடம் மாத்தி, ரேடியோ காலர் மாட்டி, பின்னாடியே கவனிச்சு 2012-ல ஒரு ஆய்வு வந்துச்சு. சிலது பிடிச்ச இடத்துக்கே திரும்பிடுச்சு, சிலது ஊர் ஊரா அலைஞ்சுது, சிலது புது இடத்துல தங்கிடுச்சு, ஆனா அது விட்ட பூங்காவுக்குள்ள இல்ல. அந்த பூங்காவுக்குள்ளயே செத்துப் போன ரெண்டைத் தவிர மத்த எல்லாமே வெளியேறிடுச்சு. அதனால இடம் மாத்தறதை நான் மருந்துன்னு சொல்ல மாட்டேன், வலியை அடுத்த ஊருக்கு தள்ளி விடறதுன்னுதான் சொல்வேன். உங்களுக்கு அந்த வருஷம் அது நிம்மதி குடுத்திருக்கும், அதை நான் மறுக்கலை.

உடம்பு விஷயத்துக்கு வர்றேன். யானைக்கு வேர்வை கிடையாது, நகத்தை ஒட்டித்தான் கொஞ்சம் கசியும். சூடு போறது காதுல ஓடற ரத்தக்குழாய் வழியாவும், தண்ணி சேறு பூசிக்கிறதாலயும்தான். மயக்கத்துல காது ஆடாது. அதனால பிடிக்கும்போது பார்த்திருப்பீங்க, தீயணைப்பு வண்டியில தண்ணி பீச்சிட்டே இருப்பாங்க, அது வேடிக்கைக்கு இல்ல. யானையை படுக்க விடாம நின்ன மயக்கத்துலயே வச்சிருக்கிறதுக்கும் காரணம் இருக்கு. மத்த விலங்குக்கு நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும், யானைக்கு அது இல்ல, ஒட்டிக்கிட்டு இருக்கும். நெஞ்சைத் தரையில வச்சு படுத்துட்டா அந்த எடைக்கு மூச்சே விட முடியாது. மானுக்கு எது நல்லதுன்னு மேல சொன்னேனோ அது யானைக்கு ஆகாது பாருங்க, காட்டு விலங்குன்னு மொத்தமா ஒரு விதி கிடையாது.

மன அழுத்தம் இருக்கா இல்லையான்னு சண்டை போட வேண்டியதும் இல்ல, சாணத்தை எடுத்து சோதிச்சாலே கார்டிசோல்ங்கிற மன அழுத்த ஹார்மோன் அளவு தெரிஞ்சுடும், ஹைதராபாத் லேகோன்ஸ் ஆய்வகத்துல இதை பல வருஷமா செய்யறாங்க. ஒரு ஊசி கூட குத்த வேண்டாம்.

கேள்வி: எங்க பேரூராட்சியில குரங்கு தொல்லை தாங்கலைன்னு கூண்டு வச்சு 30 குரங்கு பிடிச்சாங்க. மத்தியானம் பூரா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வெயில்லயே கூண்டு இருந்துச்சு, 3 செத்துடுச்சு. இது யார் தப்பு? (காரிமங்கலம் பக்கம்)

பிடிச்சவர் தப்பு, பிடிக்க சொன்னவர் தப்பு, பொரி வாங்கிப் போட்டு குரங்கை ஊருக்குள்ள பழக்குன நாம எல்லாரும் தப்பு. வெயில்ல நின்ன இரும்புக் கூண்டுக் கம்பியை மத்தியானம் நீங்க கையில பிடிச்சுப் பாருங்க. அதுக்குள்ள முப்பது. தண்ணி இல்ல. வேற வேற கூட்டத்து குரங்கை ஒரே கூண்டுல போட்டா உள்ளயே கடிச்சுக்கும், தாய் ஒரு கூண்டு குட்டி ஒரு கூண்டுன்னு பிரிஞ்சிருந்தா இன்னும் மோசம். சாயங்காலம் பிடிச்சு, சாக்கு நனைச்சு மூடி, ராத்திரியோட ராத்திரியா கொண்டு போறதுதான் முறை, அதுவும் வனத்துறை அனுமதியோட. கொண்டு போய் விட்ட இடத்துல ஏற்கனவே ஒரு குரங்குக் கூட்டம் இருக்கும், அது இதுங்களை சும்மா விடாது, அந்த ஊர்க்காரங்களும் சும்மா விட மாட்டாங்க. குப்பைத்தொட்டிக்கு மூடி போடறது குரங்கு பிடிக்கிறதை விட செலவு கம்மி.

கேள்வி: சேலம் குரும்பப்பட்டி பூங்காவுக்கு பிள்ளைங்களை கூட்டிட்டு போயிருந்தோம். பூங்காவுலயே பொறந்து வளர்ந்த மானுக்கும் நீங்க சொல்ற இந்த அதிர்ச்சி வருமா? தினம் ஆளுங்களை பார்க்குதே. (தருமபுரி டவுன்)

வரும்மா. ஆளைப் பார்க்கறது வேற, ஆள் பிடிக்கறது வேற. வேலிக்கு அந்தப் பக்கம் நாம நிக்கற வரைக்கும்தான் அதுக்கு நாம பழக்கம், வேலியைத் தாண்டுனோம்னா அது காட்டு மான்தான். பூங்காவுல மானை ஒரு அடைப்புல இருந்து இன்னொரு அடைப்புக்கு மாத்தறதுக்குள்ள கண்ணுல விரல் விட்டு ஆட்டிடும், வேலியில முட்டி கழுத்து முறிஞ்சு செத்ததெல்லாம் உண்டு.

நல்லா நடத்தற பூங்காவுல இப்ப பிடிக்கறதையே குறைச்சுட்டாங்க. புலி சிறுத்தைக்கு நெருக்கிப் பிடிக்கிற கூண்டு ஒண்ணு இருக்கும், ஒரு பக்க சுவரு மெல்ல நகர்ந்து வந்து அசைய விடாம பண்ணிடும், மயக்கம் குடுக்காமலே ஊசி போட்டுக்கலாம். அதை விட நல்லது தினம் கறித்துண்டைக் காட்டி கம்பி ஓரம் வந்து வாலை நீட்டி உக்கார பழக்கிடறது, வால்ல ரத்தம் எடுத்தா கூட அது பாட்டுக்கு கறியை மென்னுக்கிட்டு இருக்கும். வேற ஊருக்கு அனுப்பணும்னா போற பெட்டியை வாரக்கணக்கா முன்னாடியே அடைப்புக்குள்ள வச்சு, தீனியை அதுக்குள்ள போட்டு, தானா போய் வர பழக்கணும். அனுப்பற அன்னிக்கு கதவை சாத்துனா போதும். இந்த பொறுமை எல்லா இடத்துலயும் இருக்கான்னு என்னைக் கேக்காதீங்க. வண்டலூர்ல கோடையில யானைக்கு ஷவரும் தர்பூசணியும் குடுக்கறதை டிவியில காட்டுவாங்க, நல்ல விஷயம்தான், ஆனா எனக்கு டிவியில பார்க்க ஆசையா இருக்கிறது அந்த வாலை நீட்டற பழக்கம்தான்.

பிள்ளைங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி கூட்டிட்டு போங்க, கண்ணாடியைத் தட்டக்கூடாது. மத்தியானம் புலி தூங்குனா தூங்கட்டும்.

கேள்வி: ஒகேனக்கல் முதலைப் பண்ணையில முதலைங்க வாயைப் பொளந்துட்டே படுத்திருக்கு. தாகமா? பசியா? யாரும் கவனிக்கலையா? (நல்லம்பள்ளி)

ரெண்டும் இல்ல, அதான் அதோட ஏசி. வாய்க்குள்ள இருக்கிற ஈரம் காஞ்சு தலைச் சூட்டை குறைக்குது. தண்ணியும் நிழலும் கிட்டத்துல இருந்தா அதுவே மாறி மாறி போய்க்கும், கவலைப்படாதீங்க. ஆனா முதலையையும் இந்த விஷயத்துல சாதாரணமா நினைக்காதீங்க. பார்த்தா கல்லு மாதிரி இருக்கும், பிடிக்கும்போது கொஞ்ச நேரம் பயங்கரமா முண்டும், அந்த முண்டல் பூரா லாக்டிக் ஆசிட்தான், அது உடம்பை விட்டு இறங்க மணிக்கணக்கா ஆகும். பெருசா இருக்க இருக்க ஆபத்து அதிகம், நல்லா இருக்குன்னு விட்ட பிறகு செத்துப் போன முதலை உண்டு. அதனால வித்தை தெரிஞ்சவங்க மல்லுக்கட்ட மாட்டாங்க, ஈரச் சாக்கை கண்ணுல போட்டு, வாயைக் கட்டி, சீக்கிரம் முடிச்சுடுவாங்க.

கேள்வி: ராகி அறுக்கும்போது மூணு முயல் குட்டி கிடைச்சுது. தாய் ஓடிடுச்சு. என் பேத்தி வளர்க்கணும்னு அழறா. பசும்பால் குடுக்கலாமா? (ராயக்கோட்டை)

குடுக்காதீங்கம்மா, கழிஞ்சே செத்துடும். தாய் ஓடிப் போகலை, காட்டு முயல் குட்டியை பகல்ல தனியா விட்டுட்டுத்தான் போகும், பொழுது சாஞ்சு வந்து பால் குடுத்துட்டு மறுபடி போயிடும். எடுத்த இடத்துலயே, அந்த ஒரு பாத்தி அளவுக்கு தாளை அறுக்காம விட்டுட்டு வச்சுடுங்க. முயலும் மான் ஜாதி மாதிரிதான், பயத்துலயே சாகும். வளர்க்கறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தமும் கூட, கூண்டுக் கிளிக்கும் இதேதான், கேட்டு எழுதின மூணு பேருக்கும் சேர்த்து சொல்லிடறேன். பேத்திக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக் குடுங்க, தூக்கிக்கிட்டு திரியட்டும்.

கேள்வி: பாம்பு பிடிச்சு பெரிய தண்ணி பாட்டில்ல போட்டு வச்சேன், மூடியில ஓட்டையும் போட்டேன், பாரஸ்ட் ஆபீஸ் போறதுக்குள்ள செத்துடுச்சு. (ஓசூர்)

பைக்ல முன்னாடி மாட்டிக்கிட்டு வெயில்ல போயிருப்பீங்க. பாம்புக்கு உடம்பைக் குளிர வைக்க உள்ள ஒரு ஏற்பாடும் கிடையாது, நிழலுக்கு நகர்றது ஒண்ணுதான் அதுக்கு வழி, பாட்டிலுக்குள்ள எங்க நகரும்? பருத்தித் துணிப் பை, அதை ஒரு வாளிக்குள்ள வச்சு மூடி, நிழல்ல. முக்கியமா, பயிற்சியும் அனுமதியும் இல்லாம பிடிக்கவே பிடிக்காதீங்க, கண்ணாடி விரியனுக்கு உங்க நல்ல மனசு தெரியாது.

கேள்வி: டாக்டர் அங்கிள், நான் பிளஸ் டூ படிக்கிறேன். காட்டு விலங்கு டாக்டர் ஆகணும். என்ன படிக்கணும்? தைரியம் நிறைய இருக்கு. (மொரப்பூர்)

கால்நடை மருத்துவ டிகிரி, பயிற்சியோட சேர்த்து அஞ்சரை வருஷம். நமக்கு கிட்டன்னா நாமக்கல் காலேஜ் இருக்கு, சேலத்துல தலைவாசல் இருக்கு. வனவிலங்கு எல்லாம் அதுக்கு அப்புறம் மேல்படிப்பு. முதல் அஞ்சு வருஷம் பூரா மாடு, ஆடு, கோழி, நாய்தான், சலிச்சுக்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு கன்னு மாட்டிக்கிட்ட மாட்டுக்கிட்ட கத்தாம, பதறாம, கையைப் பிடுங்காம நிக்க பழகுனா மானுக்கிட்டயும் நிக்கலாம். தைரியம் இருக்குன்னு எழுதியிருக்கே, மெதுவா பேச வருமான்னும் பார்த்துக்கோ. லீவு விட்டதும் உங்க ஊர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு காலையில எட்டு மணிக்கு போய் நில்லு, அங்க எப்பவும் கயிறு பிடிக்க ஒரு ஆள் குறையும்.